ஒரே 11.3, இரண்டு பதக்கங்கள்: டோரதி ஹைமனின் ஓட்டத்தை அளந்த கதை

1960 ரோம் ஒலிம்பிக் முடிவுகளைப் பார்த்த வாசகர் ஒருவர் நல்லதொரு சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறார். பெண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் வில்மா ருடால்ஃப் 11.0 நொடியில் தங்கம் வென்றார். அடுத்து வந்த பிரிட்டனின் டோரதி ஹைமனுக்கு 11.3. மூன்றாவதாக வந்த இத்தாலியின் ஜுசெப்பினா லியோனேவுக்கும் அதே 11.3. நேரம் ஒன்றுதான் என்றால் ஒருவருக்கு வெள்ளியும் மற்றவருக்கு வெண்கலமும் எப்படிக் கொடுத்தார்கள்? வேறொரு பட்டியலில் ஹைமனின் நேரம் 11.43 என்றிருக்கிறதே, இதில் எது சரி?

இரண்டும் சரிதான். ஒரே ஓட்டத்தை ஒரு கட்டைவிரலும் ஒரு கருவியும் தனித்தனியாக அளந்தன. இதை விளக்குவதற்கு ஹைமனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். ஏனென்றால் கைக் கடிகாரக் காலம் முடிந்து மின்னணுக் காலம் தொடங்கிய அந்த இடைவெளியில்தான் அவருடைய ஓட்ட வாழ்க்கை முழுவதும் அடங்குகிறது.

1941இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில், பார்ன்ஸ்லி நகருக்கு அருகிலுள்ள கட்வொர்த் என்ற ஊரில் பிறந்தவர் ஹைமன். அது நிலக்கரிச் சுரங்க நாடு. அப்பா சுரங்கத் தொழிலாளி. மகளும் தேசிய நிலக்கரி வாரியத்தில்தான் வேலை பார்த்தார், மீதி நேரத்தில் ஓடினார். 1958இல் கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்தின் தொடர் ஓட்ட அணியில் இடம்பெற்றுத் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 17. இரண்டு ஆண்டுகள் கழித்து ரோமில் 100 மீட்டரில் வெள்ளி, 200 மீட்டரில் வெண்கலம்.

அந்த 100 மீட்டர் இறுதியின்போது ஓடுபவர்களின் முதுகுப்புறமிருந்து நொடிக்கு 2.75 மீட்டர் வேகத்தில் காற்று வீசியது. அனுமதிக்கப்பட்ட எல்லை 2 மீட்டர். ஆகவே ருடால்ஃபின் 11.0 உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. பதக்கத்துக்கு இதனால் பாதிப்பில்லை, காற்று எல்லோருக்கும் பொதுதானே.

இனி கடிகாரத்துக்கு வருவோம். முடிவுக்கோட்டின் ஓரத்தில், படிப்படியாக அமைந்த மேடையில் நேரக் கணிப்பாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று கடிகாரங்கள், அவற்றில் நடுவில் வரும் அளவே கணக்கு. துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அவர்கள் பொத்தானை அழுத்துவதில்லை. ஒலி 100 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.29 நொடி ஆகும் என்பதால், துப்பாக்கியிலிருந்து எழும் புகையையோ பொறியையோ பார்த்துத்தான் அழுத்த வேண்டும். ஆனால் பார்த்தது மூளைக்குப் போய், விரலுக்குக் கட்டளை வந்து, பொத்தான் இறங்குவதற்குள் ஏறத்தாழ 0.2 நொடி போய்விடும். கடிகாரம் தாமதமாகவே புறப்படுகிறது.

முடிவில் மட்டும் இந்தத் தாமதம் ஏன் வருவதில்லை? ஓடிவருபவரைக் கணிப்பாளர் வெகு தொலைவிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறார். எப்போது கோட்டைத் தொடுவார் என்பதை விரல் முன்கூட்டியே ஊகித்துவிடுகிறது. தொடக்கத்தில் தாமதம், முடிவில் தாமதமே இல்லை அல்லது மிகக் குறைவு. அதனால் கையால் எடுத்த நேரம் எப்போதும் ஓடுபவருக்குச் சாதகமாகக் குறைந்தே நிற்கும். இதைச் சரிக்கட்ட 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் 0.24 நொடி கூட்டிக்கொள்வது பின்னாளில் வழக்கமானது. அது சராசரிதான். ரோமில் ஹைமனுக்கு இருந்த வேறுபாடு 0.13, லியோனேவுக்கு 0.18. விரலுக்கு விரல் மாறும்.

நம் ஊர் வாசகர்களுக்கு இந்த 0.13 வேறு வகையில் பழக்கப்பட்டது. அதே ரோமில் மில்கா சிங் 400 மீட்டரில் நான்காவதாக வந்தார் அல்லவா? அவருக்குக் கையால் எடுத்த நேரம் 45.6, கருவி சொன்னது 45.73. 1998இல் இன்னொரு இந்தியரான பரம்ஜீத் சிங் அதே தூரத்தை 45.70இல் ஓடியபோது, 45.6ஐவிட 45.70 எப்படித் தேசிய சாதனையாகும் என்று பலர் கேட்டார்கள். கருவியின் கணக்கோடு கருவியின் கணக்கைத்தான் ஒப்பிட வேண்டும் என்பதே அதற்குப் பதில்.

கருவிக் கணக்கில் ருடால்ஃப் 11.18, ஹைமன் 11.43, லியோனே 11.48. அந்த வேகத்தில் ஓடுபவர் கடைசி மீட்டர்களில் நொடிக்குச் சுமார் 9 மீட்டர் கடப்பார். 0.05 நொடி என்றால் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்த இடைவெளி, பத்தில் ஒரு பங்கு நொடியை மட்டுமே காட்டும் கடிகாரத்துக்குத் தெரியாமலே போனது. ஆனால் யார் முன்னால், யார் பின்னால் என்று தீர்மானிப்பது கடிகாரக்காரர்களின் வேலையே அல்ல. அதற்குத் தனி நடுவர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்ணை நம்ப முடியாதபோது உதவிக்கு ஒரு படமும் இருந்தது. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அந்தப் படத்துக்காகத்தான்.

‘ஃபோட்டோ ஃபினிஷ்’ என்றதும், கோட்டைத் தொடும் கணத்தில் யாரோ ‘கிளிக்’ செய்த புகைப்படம் என்றே நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். அது அப்படிப்பட்ட படமே அல்ல. அந்தக் கேமராவில் திறந்து மூடும் ஷட்டர் கிடையாது. ஒல்லியான, செங்குத்தான ஒரு பிளவு மட்டும் உண்டு. அந்தப் பிளவு முடிவுக்கோட்டை மட்டுமே பார்க்கும், ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ இருப்பது அதன் கண்ணில் படாது. பிளவுக்குப் பின்னால் ஃபிலிம் சுருள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். கதவிடுக்கில் கண்ணை வைத்துத் தெருவில் போகும் சாமி ஊர்வலத்தைப் பார்ப்பது போலத்தான். ஒரு நேரத்தில் ஒரு கீற்று மட்டும் தெரியும்: முதலில் யானையின் துதிக்கை, பிறகு தலை, பிறகு வயிறு, கடைசியில் வால். அந்தக் கீற்றுகளை வந்த வரிசையிலேயே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் முழு யானை கிடைத்துவிடும்.

இதன் விளைவு விசித்திரமானது. சாதாரணப் புகைப்படத்தில் இடமிருந்து வலமாக இருப்பது தூரம். இந்தப் படத்தில் அது காலம். படத்தின் ஒவ்வொரு கீற்றும் ஒரே இடத்தின் வெவ்வேறு கணம். படத்தில் ருடால்ஃப் முன்னாலும் ஹைமன் பின்னாலும் லியோனே அதற்கும் பின்னாலும் தெரிவார்கள். உண்மையில் அந்தப் படத்தில் இருக்கிற எல்லோருமே முடிவுக்கோட்டின் மேல்தான் இருக்கிறார்கள், வேறு வேறு நேரத்தில். அவர்களுக்கு நடுவில் தெரியும் இடைவெளியை அளவுகோலால் அளந்தால் வருவது நொடி, சென்டிமீட்டர் அல்ல.

உருவங்கள் கோணல்மாணலாக வருவதும் இதனால்தான். கோட்டை நோக்கி வரும் உடலின் பிம்பம் என்ன வேகத்தில் நகருமோ அதே வேகத்தில் ஃபிலிமை ஓட விட்டால், மார்பும் முகமும் இயல்பான வடிவில் பதியும். ஆனால் ஓடும்போது உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் போவதில்லையே. முன்னோக்கி வீசப்படும் கால், உடலைவிட வேகமாகப் பிளவைக் கடந்துவிடும். அதனால் சூம்பிப்போய்த் தெரியும். மாறாக, ஒருவரின் பாதம் சரியாகக் கோட்டின் மேலேயே ஊன்றிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விரைவோட்டத்தில் பாதம் தரையில் தங்குவது ஏறத்தாழ 0.1 நொடி. அந்த 0.1 நொடி முழுவதும் ஃபிலிம் ஓடிக்கொண்டேயிருக்கிறது, பாதமோ நகரவில்லை. ஆகவே படத்தில் அந்தக் காலணி ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுபட்டு, பனிச்சறுக்குப் பலகைபோல் நிற்கும். அசையாத பொருள்கள் எல்லாம் வெறும் கிடைக்கோடுகளாகிவிடும். தரையில் போட்ட வெள்ளைக் கோடு படம் முழுக்க வெள்ளைப் பின்னணியாக விரிந்துவிடும். இந்தப் படத்தைப் பொறுத்தவரை நகராதவருக்கு உருவமே கிடையாது. இயற்பியல் வகுப்பில் காலம்–இடம் வரைபடம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் முதலில் இதைக் காட்டிவிட்டு அப்புறம் கரும்பலகைப் பக்கம் போகலாம் என்பது என் கட்சி.

பிறகு, ஒவ்வொருவரின் உடற்பகுதி முனையிலும் ஒரு செங்குத்துக் கோடு வைப்பார்கள். தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் வராது, உடற்பகுதி மட்டும்தான். அந்தக் கோடு கால அளவுகோலை எங்கே வெட்டுகிறதோ அதுதான் நேரம். துப்பாக்கி வெடித்த கணத்திலேயே கால ஓட்டம் மின்சாரத்தால் தொடங்கிவிடுவதால் எந்த விரலுக்கும் இதில் வேலை இல்லை. இன்று ஃபிலிமுக்குப் பதில் மின்னணு உணரி வந்துவிட்டது, நொடிக்கு ஆயிரக்கணக்கான கீற்றுகள் எடுக்கிறது. தத்துவம் மாறவில்லை.

குதிரைப் பந்தயத்தில் பழகிய இந்தக் கேமரா 1948 லண்டன் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. அங்கேயும் இதே கதைதான். பெண்கள் 100 மீட்டரில் நெதர்லாந்தின் ஃபேன்னி பிளாங்கர்ஸ் கூன் 11.9இல் தங்கம் வென்றார். வெள்ளி வென்ற பிரிட்டனின் டோரதி மேன்லிக்கு 12.2, வெண்கலம் பெற்ற ஆஸ்திரேலியாவின் ஷெர்லி ஸ்டிரிக்லாண்டுக்கும் 12.2. 80 மீட்டர் தடை ஓட்டத்தில் பிளாங்கர்ஸ் கூனுக்கும் பிரிட்டனின் மோரீன் கார்ட்னருக்கும் ஒரே 11.2. படத்தைப் பார்த்துத்தான் தங்கம் யாருக்கு என்று முடிவு செய்தார்கள்.

ஆனால் கருவி இருந்தால் போதுமா? அதே லண்டனில் 200 மீட்டரில் பிரிட்டனின் ஆட்ரி வில்லியம்சன் வெள்ளி வென்றார். மூன்றாம் இடத்துக்கு அமெரிக்காவின் ஆட்ரி பேட்டர்சனும் ஸ்டிரிக்லாண்டும் முட்டிக்கொண்டார்கள். நடுவர்கள் பேட்டர்சனுக்கு வெண்கலம் கொடுத்தார்கள். படம் எடுக்கப்பட்டிருந்தது, யாரும் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை. 1975இல் அதை வெளியே எடுத்துப் பார்த்தபோது மூன்றாவதாக வந்தவர் ஸ்டிரிக்லாண்ட் என்று தெரிந்தது. 27 ஆண்டுகள் அலமாரியில் கிடந்த சான்று! பதிவேட்டில் முடிவு இன்றும் மாற்றப்படவில்லை.

பழக்கம் எவ்வளவு வலியது என்பதற்கு 1964 டோக்கியோ இன்னொரு உதாரணம். மின்னணு நேரத்தை அதிகாரப்பூர்வமாக ஏற்றார்கள், ஆனால் அது கைக் கடிகார நேரம்போல் தெரிய வேண்டும் என்பதற்காகக் கருவி 0.05 நொடி தாமதித்துத் தொடங்கும்படி வைத்தார்கள். சரியாக அளக்கும் ஒன்றை வேண்டுமென்றே தவறாக அளக்கச் செய்தார்கள்! 400 மீட்டர் வரையிலான உலக சாதனைகளுக்கு முழுத் தானியங்கி நேரம் கட்டாயமானது 1977இல்தான்.

டோக்கியோ வருவதற்குள் ஹைமன் உச்சியைத் தொட்டிருந்தார். 1962 பெல்கிரேடு ஐரோப்பியப் போட்டியில் 100 மீட்டர் தங்கம், 200 மீட்டர் வெள்ளி. அதே ஆண்டு பெர்த் காமன்வெல்த் போட்டியில் 100 கஜம், 220 கஜம் இரண்டிலும் தங்கம். 1963இல் பிபிசியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருது. டோக்கியோவுக்குக் காயத்தின் நிழலோடு போனார். 100 மீட்டர் இறுதியில் எட்டாமிடம். தொடர் ஓட்டத்தில் ஜேனட் சிம்ப்சன், மேரி ராண்ட், டாஃப்னி ஆர்டன் ஆகியோருடன் சேர்ந்து வெண்கலம்.

அதோடு ஓய்வு பெற்றுச் சுயசரிதை எழுதினார். புத்தகத்துக்குப் பணம் வாங்கியதால், விளையாட்டில் காசு பார்க்காதவர் என்ற அமெச்சூர் தகுதி போனது. 1969இல் திரும்பி வந்து பிரிட்டனின் 200 மீட்டர் பட்டத்தை வென்றபோதும் சர்வதேசப் போட்டிகளில் அவரை ஓட விடவில்லை. விளையாட்டை அலுவலக நேரத்துக்கு வெளியே வைத்துக்கொண்ட ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளைத்தான் பணத்துக்காக ஓடியவராகக் கருதினார்கள் தடகளத்தை நிர்வகித்த கனவான்கள்.

கடைசியாக, அதே வாசகர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். தன் மகள் பள்ளி விளையாட்டு விழாவில் 13.07 நொடியில் 100 மீட்டர் ஓடியதாகச் சான்றிதழில் இருக்கிறது, அதை நம்பலாமா? கையால் அழுத்திய ஸ்டாப்வாட்ச் திரையில் நூறில் ஒரு பங்கு வரை இலக்கம் தெரிவது உண்மைதான். அந்தக் கடைசி இலக்கத்தைத் தீர்மானித்தது ஆசிரியரின் கட்டைவிரல். கையால் எடுத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்தி எழுத வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆகவே அது 13.1. மாவட்ட, மாநிலப் போட்டிகளின் கருவி நேரத்தோடு ஒப்பிட விரும்பினால் மேலும் 0.24 கூட்டிக்கொண்டு, 13.3 நொடியை ஒட்டி ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம்.