தேய்வது ஒன்று, வலிப்பது இன்னொன்று

"இது கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் அல்லவா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார், விரல் வலிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வந்த ஒரு அம்மா. வயது 58. எதிர்ச்சுவரில், கருவின் பாலினத்தை இங்கே தெரிவிப்பதில்லை என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு வராமல் என்ன செய்யும்!

அவர் கொண்டுவந்த எக்ஸ்ரேயில் சுட்டுவிரலின் நுனி மூட்டுதான் மோசம். எலும்பு முளைத்து, வெளியே பட்டாணி அளவுக்குப் புடைத்திருந்தது. ஆனால் அங்கே அழுத்தினால் வலி இல்லை. துணி பிழியவும் சப்பாத்தி மாவு பிசையவும் விடாத வலி நடுவிரலின் நடு மூட்டில் இருந்தது. அந்த மூட்டு எக்ஸ்ரேயில் ஏறக்குறைய சரியாகவே தெரிந்தது. "வயதானால் தேய்மானம் வரத்தான் செய்யும்" என்று ஏற்கெனவே ஓரிடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

தேய்மானம் என்ற சொல்லே பாதி குழப்பத்துக்குக் காரணம் என்பேன். தேய்கிற குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது. அப்படியானால் வலிப்பது எது? மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வு, தசைநார்கள், குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பு, இவைதான். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். வீங்கிய சவ்வைக் காட்டாது. அல்ட்ராசவுண்ட் காட்டும். பவர் டாப்ளர் முறைக்கு மாற்றினால், அழற்சியுள்ள சவ்வுக்குள் ஓடும் ரத்தம் திரையில் ஆரஞ்சு நிறப் பொறிகளாக மினுங்கும். அதை 0 முதல் 3 வரை தரம் பிரித்து எழுதுவோம். அந்த அம்மாவின் நடு மூட்டு 2. புடைத்த நுனி மூட்டில் ஒரு பொறிகூட இல்லை.

இதில் கைப்பக்குவம் முக்கியம். பயிற்சிக் காலத்தில் நான் கருவியை விரல்மேல் அழுத்திப் பிடித்துவிட்டு, "அழற்சி இல்லை" என்று எழுதினேன். பின்னால் நின்ற ஆசிரியர் ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைச் சற்றே தூக்கினார். திரையில் பொறிகள் எழுந்தன. அழுத்தினால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கிவிடும். இப்போதெல்லாம் ஜெல்லை மெத்தைபோல் குவித்து, அதன்மேல் கருவியை மிதக்கவிடுகிறேன். குளிரூட்டிய அறையில் விறைத்த விரல்களும் ஏமாற்றும்; கொஞ்சம் சூடேறிய பிறகே பார்ப்பேன்.

பார்த்துத் தெரிந்துகொண்டு என்ன பயன்? 2019இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், அல்ட்ராசவுண்டில் அழற்சி தெரிந்த கைமூட்டுத் தேய்மான நோயாளிகள் 92 பேர் கலந்துகொண்டார்கள். தினமும் 10 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ஆறு வாரம் எடுத்தவர்களுக்கு, மருந்தில்லாப் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. மாத்திரையைக் குறைத்து நிறுத்தியதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆகவே இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள். மேலே தடவும் வலி ஜெல், விரல் பயிற்சி, கட்டைவிரல் அடிமூட்டு என்றால் அதைத் தாங்கும் பட்டை, இவைதான் முதலில். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் தொடங்கினோம்.

எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டியதில்லை. பெரும்பாலும் கண்ணும் கையும் போதும். பொறி மினுங்கியும் வலிக்காதவர்கள் உண்டு. பொறியே இல்லாமல் துடிப்பவர்களும் உண்டு. எலும்புக்குள் நடப்பதை இந்தக் கருவியால் பார்க்க முடியாது. எக்ஸ்ரேயும் வலியும் ஒத்துவராதபோதும், முடக்குவாதமோ, யூரிக் அமிலம் படிந்து வரும் கவுட்டோ என்ற சந்தேகம் எழும்போதும்தான் இது கைகொடுக்கும்.

ஸ்கேனுக்கு வருமுன் வலி மாத்திரை போட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அது பொறிகளை மங்கச் செய்யக்கூடும். எந்த விரலின் எந்த மூட்டு வலிக்கிறது என்று பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தாலும் சரிதான், நான் அங்கிருந்தே தொடங்குவேன்.