சிலேட்டுக்கு முன்னால் மூக்குக்கண்ணாடி

"எனக்கெல்லாம் இனிமே மண்டைல ஏறாது மிஸ்." வயது வந்தோருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் போகும் எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்கிற வார்த்தை இது. "அப்படிச் சொல்லாதீங்கம்மா, உங்களால முடியும்" என்று நாமும் தைரியம் சொல்வோம். தைரியம் சொல்வதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அம்மா புத்தகத்தை எவ்வளவு தூரத்தில் பிடித்திருக்கிறார்? கையை முழுசாக நீட்டி, தலையைப் பின்னால் இழுத்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்க்கிறாரா? அப்படியென்றால் பாதிப் பிரச்சினை கண்ணில் இருக்கிறது.

தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சென்னையிலும் அதை ஒட்டியும் காசிமேடு, வியாசர்பாடி, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று வகுப்பு நடக்கும் இடங்களுக்குப் போய் உட்கார்ந்து கவனிப்பதும் அதில் சேர்த்தி. பாதியில் நின்றவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேசினால் "ஆர்வம் இல்லை" என்பது அநேகமாகக் காரணமாக இருப்பதே இல்லை. கண் தெரியவில்லை, நேரம் ஒத்துவரவில்லை, யாரோ சிரித்துவிட்டார்கள். இந்த மூன்றில்தான் ஏதோ ஒன்று இருக்கும். மூன்றையும் நம்மால் சரிசெய்ய முடியும்.

கண்ணை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயற்கை. வெள்ளெழுத்து என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். படித்தவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும், பேப்பர் படிக்க முடியாமல் போகும், போய் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். படிக்கிற பழக்கமே இல்லாதவருக்கு எப்படித் தெரியும்? ஐம்பது வயதில் முதல் தடவையாகப் புத்தகத்தைத் திறக்கிறார். எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிகிறது. எழுத்து என்றாலே இப்படித்தான் இருக்கும் போல, நமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்.

எழுத்துப் பலகையை வைத்துப் பரிசோதிக்க இவர்களிடம் முடியாது. அதனால் வேறு மாதிரி கேட்கச் சொல்லிக் கொடுக்கிறோம். ஊசியில் நூல் நீங்களே கோக்குறீங்களா, இல்ல பேத்தியைக் கூப்பிடுறீங்களா? அரிசியில கல் பொறுக்கும்போது கண்ணுக்குத் தெரியுதா? "அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு கண்ணு" என்று பதில் வந்தால் சிலேட்டை ஓரமாக வையுங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 1819ல் தொடங்கிய மருத்துவமனை அது, ஏழை எளியவர்கள் இன்றைக்கும் நம்பிப் போகிற இடம். தெருவில் விற்கிற ரெடிமேட் கண்ணாடியை வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வெள்ளெழுத்து மட்டும்தான் என்றால் அதுவே போதும். ஆனால் கண்புரையாக இருக்கலாம், சர்க்கரையால் வந்த கோளாறாகவும் இருக்கலாம். ஒருமுறையாவது டாக்டர் பார்த்துவிடுவது நல்லது.

காசிமேட்டில் கண்ணாடி போட்டு வந்த ஒரு பெரியம்மா, புத்தகத்தைத் தொடவே இல்லை. முதலில் தன் உள்ளங்கையைத்தான் பார்த்தார். மீன் முள் கிழித்த பழைய தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இத்தினி கோடு இருக்குதா என் கையில" என்றார். அப்புறம்தான் பாடம்.

நேரத்துக்கு வருவோம். சாயங்காலம் ஆறு மணி என்பது சொல்லிக் கொடுப்பவருக்கு வசதியான நேரம். வேலை முடிந்து வருவார். படிக்க வருகிறவருக்கு அது அடுப்படி நேரம், பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம், சில தெருக்களில் தண்ணீர் பிடிக்கும் நேரம். மீன் விற்கிற பெண்கள் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே ஏலத்துக்குப் போய்விடுவார்கள், ராத்திரி வகுப்பு வைத்தால் தூங்கி விழுவார்கள். அவர்களுக்கு மதியம் மூன்று மணி சரி. வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தான் கிடைக்கும். நேரத்தை அவர்களைக் கேட்டு வையுங்கள், உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒத்துவருகிற இன்னொரு தன்னார்வலரைத் தேடுங்கள். பெரும்பாக்கம் மாதிரி அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வகுப்பைத் தரைத் தளத்தில் வையுங்கள். லிஃப்ட் நின்றுவிட்டால் முட்டி வலிக்காரர்கள் யாரும் ஏறி வர மாட்டார்கள்.

இனி எழுத்து. அ, ஆ, இ என்று தொடங்குவதுதான் முறை என்று நம் எல்லோருக்கும் ஊறிப்போயிருக்கிறது. வாழ்நாளில் பேனா பிடிக்காத கைக்கு அ, இ இரண்டும் வளைந்து நெளிந்து பெரும்பாடு. ட, ப, ம, ய நான்கும் ஏறக்குறைய நேர்கோடுகள். இந்த நான்கோடு காலும் (ா) கொக்கியும் (ி) புள்ளியும் சேர்த்தால் படம், பட்டம், பாட்டி, மாமா என்று சொந்தமாகவே விளையாடத் தொடங்கிவிடுவார்கள். முதல் வகுப்பு முடிந்து போகும்போது ஒரு முழுச் சொல்லைப் படித்துவிட்டுப் போக வேண்டும், அதுதான் கணக்கு. தமிழுக்கு 247 எழுத்து என்று முதல் நாளே சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். உகர வரிசைக்கு மட்டும் பொறுமையாக நேரம் கொடுங்கள். கு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும், எல்லோரும் தடுமாறுகிற இடம் அது.

கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வருவார்கள். சுய உதவிக் குழுவில் சேர்வதற்காக யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர்களில் பலர் தங்கள் பெயரை ஒரு கோலம் மாதிரிப் போடுகிறார்கள். அதே எழுத்தை இன்னொரு சொல்லில் காட்டினால் தெரியாது. கையெழுத்து வருகிறதே என்று இவர்களைப் "படித்தவர்" கணக்கில் தள்ளிவிடாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் யாரும் படிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை, வீட்டில் சொல்வதை எழுதிக்கொள்கிறார்கள். அப்படி எடுத்த 2011 கணக்கிலேயே, சென்னை மாவட்டத்தில் ஏழு வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நான்கு லட்சத்துக்கும் அதிகம். தொண்ணூறு சதவீதம் படித்த ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது விடுபட்டுப் போகிறவர்கள் இவர்கள்தான்.

கணக்கில் அவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க அதிகம் இல்லை. ஏலத்தில் எடுத்த கூடைக்கு என்ன விலை, நாலு பேருக்குப் பங்கு பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு, எந்த விலைக்குக் கீழே போனால் நஷ்டம், எல்லாம் மனக்கணக்கு. தெரியாதது எண்ணைப் படிப்பதும் எழுதுவதும் மட்டும்தான். அதனால் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி நேரத்தை வீணாக்காமல், மகளின் போன் நம்பரிலிருந்து தொடங்குங்கள். பஸ் நம்பரை எடுங்கள். டாக்டர் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையில் ஒன்று, மதியம் கிடையாது, ராத்திரி ஒன்று. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தினமும் மாத்திரை போடுகிற ஒருவருக்கு இதைவிட அவசரமான பாடம் எது?

இன்னொரு அவசரம் ஏடிஎம். 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வரத் தொடங்கியதிலிருந்து, படிக்க வரும் பெண்கள் பலருக்கு அவர்கள் பெயரிலேயே வங்கிக் கணக்குக்குப் பணம் வருகிறது. கணக்கு அவர்களுடையது, ஆனால் கார்டையும் ரகசிய எண்ணையும் பக்கத்தில் நிற்கிறவரிடம் கொடுத்து எடுத்துத் தரச் சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் எடுத்ததும் போனுக்கு வரும் மெசேஜில் எது எடுத்த தொகை, எது மீதி என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுங்கள். ரகசிய எண்ணை வகுப்பில் எழுதவோ சொல்லவோ விடாதீர்கள், உங்களிடமும் சொல்லக் கூடாது. பழகுவதற்கு ஒரு பொய் எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

வெட்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வகுப்பைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஒரு பெண் சிலேட்டும் கையுமாக இருக்கிற படம் உங்களுக்கு நெகிழ்ச்சியாக இருக்கலாம். மருமகளின் பிறந்த வீட்டார் அதைப் பார்த்துவிட்டால் அவர் மறுநாள் வர மாட்டார். தனக்குப் படிக்கத் தெரியாது என்பதைச் சொந்த சம்பந்திக்கே தெரியாமல் பல வருஷம் மறைத்து வாழ்கிறவர்கள் உண்டு. அந்த ரகசியத்தை நம்மிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு மையால் அடித்துத் திருத்தாதீர்கள், சரியான எழுத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். உங்களைவிட மூத்தவர்களை அம்மா, அக்கா, அண்ணா என்றே கூப்பிடுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் பேசுகிற கொஞ்சல் குரல் வேண்டவே வேண்டாம்.

செய்ய விருப்பம் இருந்தால் தனியாகத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. 2022 முதல் 2027 வரை நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, முழுக்கத் தன்னார்வலர்களை நம்பி நடக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது. பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது. கடைசியில் படிக்க வந்தவர்களுக்கு எழுத்து, வாசிப்பு, கணக்கு மூன்றிலும் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவார்கள்.

சான்றிதழோடு வகுப்பை மூடிவிடாதீர்கள். 1990களில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் ஆசையாகப் படித்த எத்தனையோ பேர், படிக்க ஒன்றும் கையில் இல்லாமல் எழுத்தையே மறந்துபோனார்கள். அப்படிப்பட்டவர்கள் இன்றும் எங்கள் வகுப்புகளுக்குத் திரும்பி வருகிறார்கள். தேர்வு முடிந்த பிறகும் வாரம் ஒருநாள் கூடுங்கள். செய்தித்தாளின் தலைப்புகளை ஆளுக்கு ஒன்றாகச் சத்தமாகப் படிக்கட்டும், பேரனின் பள்ளிக்கூட நோட்டீஸை எடுத்து வரட்டும். பக்கத்தில் கிளை நூலகம் இருந்தால் எல்லோரையும் சேர்த்துக் கூட்டிப் போய் உறுப்பினர் ஆக்குங்கள், விண்ணப்பத்தை அவரவரே நிரப்பட்டும்.