பப்மெட்டில் 'இல்லை' என்று சொல்வதற்கு முன்

மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பி.லிப்., எம்.லிப். (நூலக அறிவியல்) மாணவர்களை நான் முதலில் திறக்கச் சொல்வது பப்மெட்டைத்தான். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தரவுத்தளம். 1996 முதல் இணையத்தில் இருக்கிறது. காசு கட்ட வேண்டியதில்லை. 3 கோடியே 50 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகளின் விவரங்கள் அதில் உண்டு. விவரங்கள் மட்டும்தான்: தலைப்பு, எழுதியவர், இதழ், பெரும்பாலும் சுருக்கம். முழுக் கட்டுரை எல்லாவற்றுக்கும் கிடைக்காது. இதை வாசகரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

"நிலவேம்பு டெங்குவுக்குக் கேட்கிறதா, ஆய்வு ஏதாவது இருக்கா?" என்று ஒரு பி.ஜி. மாணவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் மாணவர் இரண்டு சொல்லையும் ஆங்கிலத்தில் அடிப்பார். சொற்பமாக ஏதோ வரும். "அவ்வளவுதான் சார் இருக்கு" என்று அனுப்பிவிடுவார். கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ஆய்வாளர்கள் பலர் அந்தச் செடியை ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டா என்ற தாவரவியல் பெயரில்தான் எழுதுகிறார்கள். வட இந்தியர்கள் கால்மேக் என்பார்கள். செடியின் பெயரை விட்டுவிட்டு, அதிலுள்ள ஆண்ட்ரோகிராஃபொலைட் என்ற வேதிப்பொருளை மட்டும் தலைப்பில் போட்டவர்களும் உண்டு. நாம் அடித்த சொல்லை அவர்கள் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலுக்காகவே பப்மெட்டில் மெஷ் என்ற பொருள் தலைப்புப் பட்டியல் இருக்கிறது. எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும், ஒரே பொருள் பற்றிய கட்டுரைகளுக்கு அதிலிருந்து ஒரே தலைப்பு ஏற்றப்படும். பாராசிட்டமால் என்று அடித்தால், அசிட்டமினோஃபென் என்ற தலைப்பின் கீழ் உள்ளவற்றையும் சேர்த்துக் கொண்டுவரும். டெங்கு என்ற தலைப்பில் தேடினால், அதன் கிளையான கடும் டெங்குவும் கூடவே வந்துவிடும். ஆனால் சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டாலோ, கடைசியில் நட்சத்திரக் குறி வைத்தாலோ இந்தத் தானியங்கி உதவி நின்றுபோகும். மாணவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய், தேடல் வரலாற்றில் 'டீட்டெயில்ஸ்' என்ற இடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். நாம் அடித்ததைப் பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்பது அங்கே அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால், வகுப்பில் ஒரு மணி நேரம் இதற்கு மட்டுமே ஒதுக்கலாம்.

அடைப்புக்குறியையும் அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும். 'அண்ட்' என்றால் இரண்டு சொல்லும் இருக்க வேண்டும்; 'ஆர்' என்றால் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். 'டெங்கு அண்ட் நிலவேம்பு ஆர் கால்மேக்' என்று கொடுத்தால் பப்மெட் இடமிருந்து வலமாகப் போகும். முதல் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, கால்மேக் பற்றிய எல்லாவற்றையும் அதன்மேல் கொட்டும். அவற்றில் பலவற்றுக்கு டெங்குவோடு சம்பந்தமே இருக்காது. செடியின் பெயர்கள் அத்தனையையும் 'ஆர்' போட்டு ஓர் அடைப்புக்குள் வைத்து, அப்புறம் 'அண்ட்' போட்டு டெங்குவைச் சேர்க்க வேண்டும்.

மெஷ்ஷை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். புதிதாக வந்த கட்டுரைகள் சிலவற்றுக்கு மெஷ் தலைப்பு இன்னும் ஏறியிருக்காது. சில கட்டுரைகளுக்கு எப்போதுமே ஏறாது. அதனால் மெஷ் தலைப்பு, கூடவே கட்டுரையின் பெயரிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சாதாரணச் சொற்கள் என்று இரண்டையும் சேர்த்தே தேடுங்கள்.

இன்னொன்று. பப்மெட்டில் இருக்கிறது என்பதாலேயே ஒரு கட்டுரை தரமானது என்று ஆகிவிடாது. பின்னால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளும் அதில் உண்டு. அவற்றின் பக்கத்தில் அந்த அறிவிப்பு இருக்கும். கட்டுரைப் பட்டியலைக் கையில் கொடுப்பதற்கு முன் அதைப் பார்க்க வேண்டியது நம் வேலை. சோதனைக்குழாயில் வைரஸைத் தடுத்ததா, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா என்ற வேறுபாட்டையாவது சுருக்கத்தைப் படித்துத் தனியே குறித்துக் கொடுங்கள். மருந்து பற்றி முடிவு சொல்வது மருத்துவர் பொறுப்பு.

பட்டியலோடு, பயன்படுத்திய தேடல் வரியையும் தேடிய தேதியையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தீசிஸில் அந்த மாணவருக்கு அது தேவைப்படும். அடுத்த மாதம் அதே வரியைப் போட்டால் எண்ணிக்கை மாறியிருக்கும்.