“டி டிரைவில் இருக்கிறது, பயமில்லை” என்று ஃபார்மேட் போடாதீர்கள்

“ஃபார்மேட் போட்டுக் கொடுங்கள் தம்பி, முக்கியமானதெல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது.” கணினி பழுதுபார்க்கும் என் கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. முன்பெல்லாம் சரியென்று வேலையைத் தொடங்கிவிடுவேன். இப்போது தொடங்குவதில்லை.

பள்ளி ஆசிரியை ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். வேறோரிடத்தில் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். அழித்தது சி டிரைவை மட்டும்தான். ஆனாலும் டி டிரைவின் மேல் ஒரு பூட்டுப் படம். திறக்கப் போனால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. பல வருட வினாத்தாள்களும் மகளின் காதுகுத்துப் படங்களும் அதற்குள் இருந்தன. “நான் எந்தப் பூட்டும் போடவில்லையே சார்” என்றார்.

உண்மைதான், அவர் போடவில்லை. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து முதன்முதலாக அமைக்கும்போதே வட்டு தானாகக் குறியாக்கம் செய்யப்பட்டுவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிடும். டி டிரைவைத் திறக்கும் சாவி சி டிரைவுக்குள் இருப்பதால் அது தினமும் சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். சி டிரைவை அழித்தால் சாவியும் போய்விடும். அதன் நகல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் அவருடைய கணக்கோ, கணினி வாங்கிய அன்று கடைப்பையன் அவசரத்தில் தொடங்கிக் கொடுத்தது. கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. பழைய சிம் கார்டைத் தேடி எடுத்து, இரண்டு மாலை போராடிக் கணக்கை மீட்டோம். ஆறு ஆறு எண்களாக எட்டுக் கட்டங்கள். நான் வாசிக்க வாசிக்க அவர் தட்டினார். பூட்டு திறந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

ஆகவே, அழிப்பதற்கு முன் செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற இந்தப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, அந்த வட்டை இன்னொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலென்றே கணக்கில் எடுப்பதில்லை.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்கள் எழுத்துருக் கோப்புகளையும் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாகத் திரையில் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று நினைத்து அதை அழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். டாலி என்ற கணக்குப் பதிவு மென்பொருளின் கோப்புகளும் பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸுக்குள் இருப்பதில்லை. எங்கே சேமிக்கப்படுகின்றன என்று டாலிக்குள்ளேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் இந்த வேலைக்கு இப்போது வருபவர்கள் அதிகம். விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். கணினியில் இரண்டு வட்டுகள் இருந்தால், விண்டோஸ் போடாத வட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். நிறுவும் திரையில் இரண்டும் வெறும் எண்களாகத்தான் தெரியும். அவசரத்தில் கை தவறும்.

கணினியை விற்கப் போகிறீர்கள் என்றால் கதையே வேறு. அங்கே ஃபார்மேட் போதாது. விரைவு ஃபார்மேட் புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றது; பக்கங்கள் அப்படியே இருக்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த சிம்சன் கார்ஃபின்கெல், அபி ஷெலட் இருவரும் பழைய வட்டுகள் 158-ஐ வாங்கிச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். படிக்க முடிந்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. விற்கும் முன் ‘ரீசெட் திஸ் பிசி’யில் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி, வட்டைத் துடைக்கும் தேர்வையும் இயக்குங்கள். சுழலும் வட்டில் இதற்குப் பல மணி நேரம் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டு என்றால் தயாரிப்பாளரே தரும் அழிப்புக் கருவி நல்லது. வட்டு முழுவதும் ஏற்கெனவே குறியாக்கம் ஆகியிருந்தால் உங்களுக்கு இன்னும் நிம்மதி: ஆசிரியையைத் தவிக்கவிட்ட அதே பூட்டு, சாவி அழிந்த பிறகு வாங்குபவரையும் உள்ளே விடாது.