இரண்டு வருட டிகிரியை வைத்துப் பிரின்சிபால் ஆக முடியாது

போன வாரம் மறுபடியும் ஒருவர் வந்தார். ஊரில் எம்.எஸ்சி., பி.எட். முடித்து, மெட்ரிக் பள்ளியில் ப்ளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுத்தவர். கணவருக்கு இங்கே வேலை என்பதால் எச்-4 விசாவில் கலிஃபோர்னியா வந்திருக்கிறார். சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு தனியார் ஆன்லைன் கல்லூரியில் 'எஜுகேஷனல் அட்மினிஸ்ட்ரேஷன்' (பள்ளி நிர்வாகம்) என்ற இரண்டு வருட அசோசியேட் டிகிரிக்குப் பணம் கட்டி, பாதியும் முடித்துவிட்டார். அதற்கப்புறம்தான் கம்யூனிட்டி காலேஜ் கவுன்சலரான என்னிடம் வந்து கேட்கிறார்: "இதை முடிச்சா வைஸ் பிரின்சிபால் வேலைக்கு அப்ளை பண்ணலாம்தானே மேடம்?"

பண்ணலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் படிவத்தில் கிரெடென்ஷியல் (மாநிலம் தரும் தகுதிச் சான்று) விவரம் கேட்கிற இடத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

கோபம் அவர் மேல் இல்லை. கையில் இரண்டு டிகிரி வைத்திருப்பவருக்கு எல்லாவற்றுக்கும் கீழ்ப்படியில் இருக்கிற டிகிரியை விற்றார்களே, அவர்கள் மேல்தான். கொஞ்சம் நம் ஊர்ப் பழக்கத்தின் மேலும். பெயருக்குப் பின்னால் இன்னும் நான்கு எழுத்து சேர்ந்தால் அடுத்த படி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கு ரத்தத்தில் ஊறியது.

இங்கே அரசுப் பள்ளி ஊழியர்கள் இரண்டு வகை. சர்டிஃபிகேட்டட் என்பவர்கள் மாநிலத்தின் கிரெடென்ஷியல் வைத்திருப்பவர்கள்: ஆசிரியர், பள்ளிக் கவுன்சலர், பிரின்சிபால். கிளாசிஃபைடு என்பவர்கள் அலுவலக உதவியாளர், வகுப்பறை உதவியாளர், பஸ் ஓட்டுநர் போன்றவர்கள். அசோசியேட் டிகிரி உங்களை இந்த இரண்டாவது வகைக்குள்தான் கொண்டுபோய் விடும். டிகிரியின் பெயரில் அட்மினிஸ்ட்ரேஷன் இருக்கிறதா, லீடர்ஷிப் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. திரும்பவும் சொல்கிறேன்: அரசுப் பள்ளியில் பிரின்சிபால் ஆக்குவது டிகிரியின் தலைப்பு இல்லை, மாநிலம் தரும் கிரெடென்ஷியல்.

கலிஃபோர்னியாவில் நிர்வாகக் கிரெடென்ஷியல் வாங்க, முதலில் ஆசிரியர் கிரெடென்ஷியலோ அதற்கு இணையான ஒன்றோ கையில் இருக்க வேண்டும். அதற்கே இளங்கலைப் பட்டம் வேண்டும். மேலே ஐந்து வருட முழுநேர அனுபவம். அப்புறம் நிர்வாகப் பயிற்சி அல்லது அதற்கான தேர்வு. இவ்வளவும் முடிந்து கிடைப்பது பிரிலிமினரி, அதாவது முதல்நிலைச் சான்றுதான். டெக்ஸாஸில் இருக்கும் தங்கைக்காகக் கேட்கிறீர்களா? அங்கே மாஸ்டர்ஸ், ஆசிரியர் சான்றிதழ், இரண்டு வருட வகுப்பறை அனுபவம், தேர்வுகள். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஆனால் அசோசியேட் டிகிரியோடு அரசுப் பள்ளி பிரின்சிபால் நாற்காலியில் உட்காரவைக்கிற மாநிலம் எதையும் நான் பார்த்ததில்லை.

"தனியார் பள்ளியில் கிரெடென்ஷியல் கேட்க மாட்டார்களாமே?" சரி, கலிஃபோர்னியாவில் தனியார் பள்ளிக்கு அது சட்டப்படி கட்டாயமில்லை. அதற்காக இரண்டு வருடப் படிப்பைப் பார்த்துப் பள்ளியை ஒப்படைத்துவிடுவார்களா? வருடக்கணக்கில் வகுப்பெடுத்தவர்களைத்தான் தேடுவார்கள். (வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு முதல்வராக எந்த டிகிரியும் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். சம்பளமும் கிடையாது.)

அப்படியென்றால் அசோசியேட் டிகிரி வீணா? இல்லவே இல்லை. ப்ளஸ் டூவோடு கல்யாணமாகி வந்தவர்களுக்கும், கல்லூரியைப் பாதியில் விட்டவர்களுக்கும் இது நல்ல வாசல். ஏழைக் குழந்தைகள் அதிகம் படிக்கிற பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் டைட்டில் ஒன் நிதியைப் பெறும் பள்ளிகளில் பாடம் சார்ந்த உதவியாளராக வேண்டுமானால் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு, அல்லது அசோசியேட் டிகிரி, அல்லது ஒரு திறன் தேர்வு வேண்டும். குழந்தைகள் மையத்தை நடத்த ஆசையா? அசோசியேட் டிகிரிக்குள்ளேயே குழந்தை வளர்ச்சிப் பாடங்களையும் 6 யூனிட் (பாட அளவு) நிர்வாகப் பாடத்தையும் சேர்த்து எடுத்து, வேலை அனுபவமும் காட்டினால், இங்கே சைட் சூப்பர்வைசர் பெர்மிட்டுக்கு, அதாவது அப்படி ஒரு மையத்தை மேற்பார்க்கும் அனுமதிக்கு, வழி இருக்கிறது. நிர்வாகம் என்ற பெயருக்கு உண்மையிலேயே வேலை இருக்கிற இடம் அதுதான். விளம்பரத்தில் அதைச் சொல்வதில்லை.

ஏற்கெனவே இளங்கலையும் பி.எட்.டும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எங்கேயும் சேராதீர்கள். முதலில் உங்கள் டிகிரி இங்கே எதற்கு இணை என்று ஓர் ஏஜென்சியிடம் சான்றிதழ்களைக் கொடுத்து மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். ஆசிரியர் கிரெடென்ஷியல் தரும் கமிஷன் ஏற்கும் ஏஜென்சிகளின் பட்டியல் அதன் தளத்திலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா போன ஏஜென்சிக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு என்னிடம் வராதீர்கள். நம்முடைய மூன்று வருட டிகிரியை எல்லா ஏஜென்சியும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை, அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இளங்கலைக்கு இணை என்று வந்துவிட்டால் முப்பது நாள் சப்ஸ்டிட்யூட் பெர்மிட்டுக்கு (வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் அனுமதி) விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் முடித்த ஆசிரியர் பயிற்சியைக் காட்டிக் கிரெடென்ஷியல் கேட்கவும் தனி வழி உண்டு. வகுப்பறைக்குள் நுழைய அதுதான் குறுக்கு வழி, இன்னொரு டிகிரி இல்லை.

எச்-4இல் படிக்கத் தடையில்லை. வேலைக்கு மட்டும் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். அது 2015 முதல் கிடைக்கிறது என்றாலும் எல்லோருக்கும் இல்லை, கணவரோ மனைவியோ கிரீன் கார்டுப் பாதையில் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. டிகிரி கைக்கு வந்தபின் இதைக் கண்டுபிடிக்க வேண்டாம். மத்திய அரசின் கல்வி உதவித்தொகையான பெல் கிராண்டும் எச்-4க்குக் கிடையாது. கிரீன் கார்டே இருந்தாலும், ஊரில் வாங்கிய இளங்கலைப் பட்டம் பெரும்பாலும் அதைத் தடுத்துவிடும். படிவத்தில் அதை மறைக்கும்படி யாராவது யோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சேரத்தான் போகிறீர்களா? கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் மாநிலக் குடியிருப்பாளருக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர், புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. எச்-4இல் இருப்பவர்களும் ஒரு வருடத்துக்கு மேல் இங்கே வசித்து, இதுவே தங்கள் இருப்பிடம் என்று நிரூபித்தால் அந்தக் கட்டணத்தில் படிக்கலாம். இதைவிடப் பல மடங்கு கேட்கிற தனியார் கல்லூரியிடம், "உங்கள் யூனிட்டை எந்தெந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும், எழுத்தில் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். போனிலேயே குழைவாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பிஸியாகிவிடுவார். அக்ரெடிடேஷனை (கல்லூரிக்கான அங்கீகாரம்) அவர்கள் தளத்தில் பார்க்காதீர்கள், மத்தியக் கல்வித் துறையின் தளத்தில் தேடுங்கள். நான்கு வருடப் படிப்புக்கு மாறும் எண்ணம் இருந்தால் டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் டிகிரியை எடுங்கள், கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் ஒன்றிலாவது இடம் உறுதி. எந்தக் கேம்பஸ் என்பதற்கு உறுதி இல்லை.

அந்தக் கெமிஸ்ட்ரி டீச்சர் அடுத்த செமஸ்டர் பணத்தை இன்னும் கட்டவில்லை. எதைக் கைவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று ரீஃபண்ட் விதிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அறிவியல் ஆசிரியர்களுக்கு இங்கே தட்டுப்பாடு இருக்கிறது என்பது அவருக்கு யாரும் சொல்லாத இன்னொரு செய்தி. மதிப்பீட்டுக்குப் ஊரில் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) வர மாதக்கணக்காகலாம். உங்களுக்கும் தேவைப்படும் என்றால் இன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு யாரையாவது அனுப்புங்கள்.