'குறுக்குத்துறை ஒத்துழைப்பு' வேண்டாம்; கூட்டுப்பணி என்போம்

பல துறைகள் சேர்ந்து வேலை செய்வதை ஆங்கிலத்தில் 'கிராஸ்-செக்டார் கொலாபரேஷன்' என்பார்கள். அதன் மொழிபெயர்ப்பாகப் பொதுச் சுகாதாரக் கையேடுகளிலும் பயிற்சி அரங்குப் பதாகைகளிலும் 'குறுக்குத்துறை ஒத்துழைப்பு' தாராளமாகப் புழங்குகிறது. குறுக்குத்துறை என்பது திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் முருகன் கோயில் இருக்கும் இடம். தஞ்சாவூர்ப் பக்கம் இதைச் சொன்னால் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள்.

மூலச்சொல் 'செக்டார்'. வெட்டுதல் என்னும் லத்தீன் வேரில் பிறந்தது. நமக்குத் 'துறை': முதலில் ஆற்றில் இறங்கும் இடம், பிறகு அகத்துறை, புறத்துறை, இன்று அரசுத்துறை, தனியார் துறை. இதில் வழக்கில்லை. கருத்தும் புதிதல்ல, வேளாண்மை, கால்நடை, கல்வி, பொதுப்பணி எல்லாம் சேர்ந்தால்தான் சுகாதாரம் என்று 1978-இலேயே ஆரம்ப சுகாதாரம் பற்றிய உலக மாநாட்டின் அல்மா ஆட்டா பிரகடனம் சொல்லிவிட்டது.

வழக்கு 'குறுக்கு'டன்தான். குறுக்குச் சாலை, குறுக்கெழுத்து சரி; அங்கே ஒன்று மற்றொன்றை வெட்டிப் போகிறது. மற்றபடி குறுக்கே நிற்பது, குறுக்கே பேசுவது, குறுக்குப்புத்தி எல்லாமே தடை அல்லது தந்திரம். 'இடைத்துறை' என்று திருத்துவோரும் உண்டு. அது நடுவில் கிடக்கும் இன்னொரு துறையாகிவிடும்.

'ஒத்துழைப்பு' இன்னும் மோசம். காதுக்கு இனிமையாக இருப்பதால் தப்பிக்கிறது. வேலை ஒருவருடையது, மற்றவர் கைகொடுக்கிறார் என்பதே அதன் தொனி. 'ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று சுற்றறிக்கை வரும். நல்காவிட்டால் யாரையும் கேட்க முடியாது.

டெல்டாவின் எலிக்காய்ச்சலைப் பாருங்கள். எலியின் சிறுநீரோடு வரும் கிருமி, தேங்கிய வயல்நீரிலிருந்து கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியே நுழைகிறது. எலி ஒழிப்பு வேளாண்துறைக்குப் பயிர்ச்சேதக் கணக்கு. கிட்டி வைத்து எலி பிடிப்பவருக்குக் கூலி தருபவர் விவசாயி. ஆபத்து அதிகமுள்ளோருக்கு மருத்துவர் சொற்படி வாரம் 200 மி.கி. டாக்சிசைக்ளின் என்ற தடுப்பு மாத்திரை தருவது ஆரம்ப சுகாதார நிலையம். எந்த ஊரில் எந்த வாரம் நடவு என்பது வேளாண் உதவி அலுவலருக்குத் தெரியும், மாத்திரை வைத்திருப்பவருக்குத் தெரியாது. காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் நடவாட்கள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள். நடவுத் தேதிகளைச் சுகாதார நிலையத்தில் சேர்ப்பது பெயர் போட்டு எழுதிய ஒருவரின் வேலையாக இருக்க வேண்டும். 'ஒத்துழைப்பு' என்று எழுதியதும் அந்தப் பெயர் காணாமல் போகிறது.

குடிநீரும் இப்படியே. மேல்நிலைத் தொட்டியில் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கலப்பவர் ஊராட்சி ஆள். கடைக்கோடிக் குழாயில் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மி.கி.) குளோரின் மிஞ்சுகிறதா என்று பார்ப்பவர் சுகாதார ஆய்வாளர். மிஞ்சவில்லை என்றால் பவுடர் ஈரம்பட்டு வீரியம் போயிருக்கலாம், சாக்கடையோரம் குழாய் உடைந்திருக்கலாம். தோண்டிப் பார்ப்பது யார் என்பதில்தான் நாட்கள் ஓடுகின்றன.

ஆகவே 'துறைகளின் கூட்டுப்பணி' என்பேன். கூட்டுறவுச் சங்கம், கூட்டுக்குடிநீர்த் திட்டம் என்று 'கூட்டு' இங்கே நன்றாகப் பழகிய சொல். 'பணி' என்றதும் யாருடைய பணி என்ற கேள்வி தானே எழும். 'ஒருங்கிணைப்பு' வேறு: அது எல்லோரையும் ஒரு மேசையில் உட்காரவைக்கும் ஆட்சியரின் வேலை. இரண்டையும் குழப்பக் கூடாது.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் 'ஸ்டேக்ஹோல்டர்' எல்லோரையும் 'பங்குதாரர்' ஆக்குகிறார்கள். நாள்கூலிக்கு நாற்று நடும் பெண்ணும் அந்தப் பட்டியலில் பங்குதாரர். விளைச்சலில் அவருக்கு ஒரு மரக்கால் பங்கு கிடையாது. 'தொடர்புடையோர்' என்று எழுத என்ன கேடு?