கீழ் எண் குறைவாக இருந்தால் நல்லதுதானே?

"எனக்கு பிரஷர் 150/95. அண்ணனுக்கு 150/70, கூடவே பல வருஷமாகச் சுகர். கீழ் எண் எனக்குத்தானே அதிகம்? டாக்டர் ஏன் அவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

மேல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம், கீழ் எண் அது ஓய்வெடுக்கும்போது உள்ளது. பள்ளியில் படித்ததுதான். புகை, கொழுப்பு, தொப்பை, உப்பு எல்லாம் இருவருக்கும் பொதுவான ஆபத்துகள். அண்ணன் விஷயத்தில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் சுவரையும் பார்க்க வேண்டும்.

இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மி.லி. ரத்தத்தைத் தள்ளுகிறது. அத்தனையும் அப்போதே ஓடிவிடுவதில்லை. பெருந்தமனி பலூன் போல உப்பி, ஏறக்குறைய பாதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதயம் ஓயும்போது சுவர் தானாகச் சுருங்கி அதை முன்னே அனுப்புகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே ரத்தம் நிற்காமல் ஓடுவது இதனால்தான்.

இந்தச் சுவரைச் சர்க்கரை என்ன செய்கிறது? தோசை கல்லில் பொன்னிறமாகிறதே, கிட்டத்தட்ட அதே வேதிவினைதான். சர்க்கரையும் புரதமும் இப்படி ஒட்டிக்கொள்வதை பிரான்ஸின் லூயி காமில் மையார் 1912-ல் விவரித்தார். நொதி (என்சைம்) எதுவும் வேண்டாம், நேரம் இருந்தால் போதும். கல்லில் ஓரிரு நிமிடம். 37 டிகிரி உடம்பில் வருஷங்கள். ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைத்தான் 'மூன்று மாதச் சுகர்' பரிசோதனை அளக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாளில் அழிவதால் அந்தக் கணக்கு புதிதாகிவிடும். தமனிச் சுவரிலுள்ள கொலாஜன் என்ற புரத இழை அப்படியில்லை, வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஒட்டிய சர்க்கரை பக்கத்துப் பக்கத்து இழைகளைக் குறுக்கே பிணைத்துப் போட, சுவர் விறைத்துவிடுகிறது. வயதானாலே கொஞ்சம் நடப்பதுதான். சுகர் அதை வேகப்படுத்துகிறது.

விறைத்த குழாய் உப்பாது, அதனால் மேல் எண் ஏறும். பிடித்து வைத்த ரத்தம் குறைவு, அதனால் கீழ் எண் இறங்கும். அண்ணனின் 150-க்கும் 70-க்கும் நடுவே உள்ள இடைவெளி 80, உங்களுக்கு 55. இதில் இன்னொன்று, இதயத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. மேல் எண் ஏறி வேலை கூடும் நேரத்தில், கீழ் எண் இறங்கி அதன் சாப்பாடு குறைகிறது.

பிரஷரைக் குறைத்தால் பலன் உண்டா? நிச்சயம் உண்டு. பிரஷர், சுகர் இரண்டும் உள்ள 1,148 பேரை வைத்து பிரிட்டனில் நடத்திய ஆய்வு 1998-ல் வெளியானது. பிரஷரைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய குழுவின் சராசரி 144/82, மற்றதற்கு 154/87. இந்தச் சின்ன வித்தியாசத்துக்கே பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. பேடன்ட் முடிந்த மலிவு மாத்திரைகளை வைத்து இப்படி வருஷக்கணக்கில் ஆய்வு நடத்த எந்த மருந்து நிறுவனமும் முன்வராது. அரசுதான் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாகற்காய் ஜூஸை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

சரி, உங்கள் 150/95-ம் கட்டுப்படுத்த வேண்டியதுதான். அண்ணனைச் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், சுகர் நரம்புகளையும் பாதிப்பதால் அவருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். காரணமே இல்லாமல் வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும்.